வாரத்துக்கு ஒரே இன்சுலின் ஊசி

இங்க யாங்கோன்ல எங்க சொந்தத்துல பாதி பேருக்கு சுகர், அதனாலதான் இதை எழுதுறேன்.

இன்சுலின் ஒரு புரதம், ஏ, பின்னு ரெண்டு அமினோ அமிலச் சங்கிலி சேர்ந்தது. ரத்தத்துல கலந்தா சில நிமிஷத்துலயே பாதி அழிஞ்சிடும். அதைத் தாங்க வைக்க, பி சங்கிலியோட 29வது இடத்துல இருக்குற லைசின்ங்கற அமினோ அமிலத்துல ஒரு கொழுப்பு அமிலத்தை வால் மாதிரி ஒட்டுறாங்க, அந்த வால் ரத்தத்துல ஓடுற ஆல்புமின்ங்கற புரதத்தைப் பிடிச்சுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா இன்சுலினை விடுது. டெடெமிர்ங்கற இன்சுலின் இப்படி வந்ததுதான். டெக்லுடெக்ங்கற இன்னொரு வகை 42 மணி நேரத்துக்கு மேல வேலை செய்யுது. ஐகோடெக்னு ஒன்னு, வாரத்துக்கு ஒரே ஊசி, 2024ல ஐரோப்பாவுல அனுமதி கிடைச்சுது!

கீமோ எடுக்குறவங்களுக்கும் இதே கதை. வெள்ளை அணுவைக் கூட்ட தினமும் போட்ட ஃபில்கிராஸ்டிம்ங்கற மருந்துல பெக்னு ஒரு பாலிமரை ஒட்டினதும் ஒரு ரவுண்டுக்கு ஒரு ஊசி போதும்னு ஆச்சு.

பெரியம்மாவுக்கு நான்தான் ஊசி போடுறேன். தொப்புளைச் சுத்தி இடம் மாத்தி மாத்தி போட்டும் தோல் கட்டி கட்டியா தடிச்சுப் போச்சு, கை வைக்கவே மனசு வரல. வருஷத்துக்கு 365 ஊசி 52 ஆகுறது அவங்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம்னு பக்கத்துல இருந்து பார்த்தாதான் தெரியும்.

உடம்பு தானா இன்சுலின் கிட்டத்தட்ட சுரக்காத டைப் 1 சுகர் இருக்குறவங்களுக்கு ஐகோடெக்ல சுகர் ரொம்ப இறங்குற ஆபத்து கூடுதல், டாக்டரைக் கேக்காம மாத்திடாதீங்க. இங்க எந்த மருந்துக்கடையிலயாவது வந்திருந்தா எனக்குச் சொல்லுங்க.