ஆடிக்காற்றைத் தாளில் பிடித்தல்

உடுமலைப்பேட்டைக்கு அருகில் எங்கள் தோட்டத்து வரப்பில் அமர்ந்து மூன்று வாரங்களாக வரைந்துவந்த ஓவியத்தை நேற்று மாலை முடித்தேன். கிளுவை வேலியையும், கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலத்தில் மேயும் காங்கேயம் மாட்டையும், பின்னால் உயர்ந்து நிற்கும் காற்றாலைகளையும், சலித்த செம்மண், ஈரோட்டு மஞ்சள், கொட்டாங்குச்சிக் கரி ஆகியவற்றை வேப்பம் பிசினில் குழைத்துத் தீட்டியிருக்கிறேன்.

மிகவும் சோதித்தது காற்றுதான். தென்னையோலைகள் அனைத்தும் கிழக்கு நோக்கிச் சாய்வதை வரைந்த பிறகே அது தாளில் வீசத் தொடங்கியது. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்திருக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று விரைந்து நுழைவதால்தான், வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை இப்பகுதிக் காற்றாலைகள் நன்றாகச் சுழல்கின்றன. கொங்கு நாட்டு நூற்பாலைகள் பலவும் காற்றாலை மின்சாரத்தை நம்பியிருக்கின்றன. ஐப்பசியில் காற்று அடங்கிவிடும். காற்று குறைந்த மாதங்களில் வெயிலும், பகல் மின்சாரத்தைச் சேமித்து இரவில் தரும் மின்கலங்களும் கைகொடுத்து, நிலக்கரி எரிக்கும் தேவை குறைந்துபோகும் நாளை மனதார எதிர்பார்க்கிறேன்.

மாட்டின் முதுகில் ஒரு கரிச்சான் குருவி இருக்கிறது. இரண்டாம் நாள் அதுவாகவே வந்து அமர்ந்தது. அதை வரையக் கொட்டாங்குச்சிக் கரி மட்டுமே போதுமானதாக இருந்தது.