பொடக்காலியில் ஒரு திரை

பிப்ரவரி 2, 2025, ஞாயிறு

முட்டி வலி வந்ததில் இருந்து அம்மா தியேட்டர் பக்கமே வருவதில்லை. இருட்டில் அந்தப் படிகளை ஏறி இறங்க முடியாது. கோவை வடவள்ளியில் எங்கள் வீட்டுப் பொடக்காலி (கொல்லைப்புறம்), முருங்கை மரமும் துவைக்கிற கல்லும் போக, சும்மாதான் கிடக்கிறது. அங்கேயே திரை கட்டுவது என்று முடிவு செய்துவிட்டோம்.

ப்ரொஜெக்டர் வாங்கும்போது அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் லூமனை, அதாவது வெளிச்ச அளவை, நம்பக் கூடாது. தர நிர்ணய முறைப்படி அளந்த ஆன்சி லூமன் எவ்வளவு என்று கேட்க வேண்டும். நாங்கள் எடுத்தது 500 ஆன்சி லூமன்.

"150 இஞ்ச் போடுங்க மாமா" என்று அக்கா மகன் ஒற்றைக் காலில் நிற்கிறான். கணக்குப் போட்டுக் காட்டினேன். மூலைக்கு மூலை 100 இஞ்ச் என்றால் திரை சுமார் 2.8 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 180 லூமன் போல விழும். 150 இஞ்ச் என்றால் பரப்பு 6.2 சதுர மீட்டர். வெளிச்சம் 80 ஆகிவிடும். பெரிதாக மங்கலாகப் பார்ப்பதைவிடச் சின்னதாகப் பளிச்சென்று பார்ப்பது மேல். 100தான்.

பிப்ரவரி 8, சனி

வெல்டிங் பட்டறையில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பில் சட்டம் அடித்தாயிற்று. திரைக்கு ஃப்ளெக்ஸ் வேண்டாம். மினுமினுப்பில் நடுவில் மட்டும் வெளிச்சம் அள்ளும். பளபளப்பில்லாத, வெளிச்சம் ஊடுருவாத வெள்ளை பிளாக்அவுட் துணி வாங்கி, பேனர் கடையில் ஓரமெல்லாம் வளையம் அடித்துக்கொண்டேன். மேல்பக்கம் நைலான் கயிறு. பக்கவாட்டிலும் கீழேயும் பைக் கேரியரில் கட்டுகிற எலாஸ்டிக் கயிறு. காற்று தள்ளினால் துணி கொஞ்சம் பின்வாங்கிவிட்டுத் திரும்பி வரும். இறுக்கிக் கட்டினால் பாய்மரம் மாதிரி சட்டத்தையே சாய்த்துவிடும்.

கரண்ட் விஷயத்தில் சிக்கனம் பார்க்கவில்லை. செடிக்குத் தண்ணீர் விடுகிற இடம், குழந்தைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடம். எலக்ட்ரீஷியனை வைத்து, 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே லைனைத் துண்டிக்கும் பிரேக்கர் போட்டோம். வயர் தரையில் படாமல் சுவரோடு போகிறது.

பிப்ரவரி 12, புதன்

இன்று பௌர்ணமி. நிலா வெளிச்சம் படத்தைக் கெடுத்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒன்றுமே ஆகவில்லை, முழு நிலவு தருவது ஒரு லக்ஸில் (சதுர மீட்டருக்கு ஒரு லூமன்) கால் பங்கு போலத்தான். வில்லன் தெருவிளக்குதான். அது விழும் இடத்தில் கறுப்பெல்லாம் சாம்பலாகிவிடுகிறது. சட்டத்தைத் திருப்பி, திரையின் முதுகு தெருவைப் பார்க்கும்படி வைத்து, பின்னால் ஒரு கறுப்புத் துணியும் தொங்கவிட்டேன். அப்புறம் பார்த்தால் வேறு படம்! இந்த மாதம் சூரியன் மறைய ஆறரை ஆகிறது, ஏழு மணிக்குத் தொடங்கினால் சரியாக இருக்கும்.

பிப்ரவரி 15, சனி

நாள் முழுக்க சவுண்டோடுதான் போராட்டம். புளூடூத்தில் உதடு அசைந்த பிறகுதான் வசனம் வருகிறது. வயர் போட்டதும் தீர்ந்தது. வெட்டவெளியில் சுவர் எதிரொலி கிடையாது, அதனால் ஒலி எடுபடாது என்று வால்யூமை ஏற்றத் தோன்றும். ஆனால் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிளஸ் டூ பரீட்சை நெருங்குகிறது. ஸ்பீக்கருக்கும் காதுக்கும் உள்ள தூரம் பாதியானால் 6 டெசிபல் மிச்சம். ஸ்பீக்கர்களைத் திரையடியில் இருந்து எடுத்து முன்வரிசை நாற்காலிகளின் இரண்டு பக்கமும் வைத்து, முகத்தை எங்கள் வீட்டுச் சுவர் பக்கம் திருப்பினேன். வால்யூம் வெகுவாகக் குறைந்தது. சுவரோரம் போய் நின்று, பக்கத்து வீட்டு அக்காவிடம் "கேக்குதுங்களாக்கா?" என்றேன். "லேசாத்தானுங்க, படிக்கத் தொந்தரவில்லீங்க" என்றார். எப்படியும் பத்து மணிக்கு நிறுத்திவிடுவோம். அதற்கு மேல் குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல்தான் சட்டப்படி வரம்பு.

பிப்ரவரி 16, ஞாயிறு

முதல் காட்சி. கொசுவுக்குப் பெடஸ்டல் ஃபேன்தான் சரி, அந்தக் காற்றில் அதனால் பறக்க முடியவில்லை. அம்மா கயிற்றுக்கட்டிலில் கால் நீட்டிக்கொண்டு, "டென்ட் கொட்டாய்ல மணலைக் குமிச்சு அது மேல உக்காருவோம் சாமி, முன்னாடி இருக்கறவன் தலை மறைக்காது" என்று இடைவேளை முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் ப்ரொஜெக்டர் வாங்கி ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் நம்ம கோயமுத்தூர்க்காரர் என்று பிள்ளைகளிடம் சொன்னேன். வெரைட்டி ஹால் ரோட்டுக்குப் பேர் வந்ததே அவர் கட்டிய தியேட்டரால்தான் என்றதும் பெரியவனுக்கு ஒரே ஆச்சரியம்.

சித்திரை வரை இப்படியே ஓடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்கு இந்தச் சட்டம் தாங்காது. துணியை இறக்கி வைப்பதா, தூண் ஊன்றுவதா என்று வைகாசியில் முடிவு செய்ய வேண்டும்.