கேசுவாலிட்டி போஸ்டிங் வர்றதுக்கு முன்னாடி

ஹவுஸ் சர்ஜன் தம்பி தங்கச்சிங்க எல்லாரும் கேக்கற கேள்வி, "அண்ணா, கேசுவாலிட்டிக்கு எதைப் படிச்சுட்டு வரட்டும்?" படிக்கறது இருக்கட்டும்ப்பா, கூட்டம் வந்துட்டா நம்ம எல்லாரும் விட்டுடற ரெண்டு விஷயம் இருக்கு, மூச்சை எண்ணறது, கையைக் கழுவறது. ரெண்டும் சேர்ந்து ரெண்டு நிமிஷம் கூட ஆகாது.

ட்ரையாஜ்ல, அதாவது யாரை முதல்ல பாக்கணும்னு தரம் பிரிக்கற இடத்துல, சிவப்பு (உடனே), மஞ்சள் (சீக்கிரம்), பச்சை (காத்திருக்கலாம்)ன்னு பிரிக்கறது எல்லாருக்கும் தெரியும். ஆனா 108 ஆம்புலன்ஸ்ல வந்து இறங்கினா சிவப்பு, நடந்து வந்தா பச்சைன்னு மனசு தானா முடிவு பண்ணிடுது. வலியில கத்தற ஆளுக்கு அந்த நிமிஷத்துக்கு ஏர்வே (மூச்சுப்பாதை) திறந்திருக்கு, மூளைக்கு ரத்தம் போகுது. ஓரத்துல சேர்ல சத்தமில்லாம சாஞ்சு கிடக்கறவரை முதல்ல போய்ப் பாருங்க.

ஒரு பையன், இருபது வயசு இருக்கும், வயித்துவலி வாந்தின்னு அம்மாகூட நடந்து வர்றான்னு வைங்க. பிபி ஓகே, சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு) 99, சரி பச்சைல உக்காருன்னு சொல்லியாச்சு. சீட்டுல ரெஸ்பிரேட்டரி ரேட் (நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு) 18னு இருக்கும், யாருமே எண்ணியிருக்க மாட்டாங்க, எல்லா சீட்டுலயும் அதே 18 தான். சட்டையை விலக்கி ஒரு முழு நிமிஷம் எண்ணிப் பாத்தா 36, அதுவும் ஆழமா இழுத்து இழுத்து விடறான், சுகர் பாத்தா மெஷின்ல நம்பரே வராம 'ஹை'ன்னு நிக்குது. டிகேஏ, அதாவது சர்க்கரை நோய்ல இன்சுலின் பத்தாம ரத்தத்துல ஆசிட் ஏறிடற நிலை. ரத்தத்துல ஏறின ஆசிட்டை ஈடுகட்ட உடம்பு கார்பன் டை ஆக்சைடை வெளிய தள்ளிட்டு இருக்கு, ஆக்சிஜன் குறையலை, அப்புறம் விரல்ல மாட்டின ப்ரோப் எப்படி காட்டும்? பெரியவங்களுக்கு 12 முதல் 20 தான் நார்மல். எண்ணறோம்னு தெரிஞ்சா மூச்சு மாறிடும், அதனால பல்ஸ் பாக்கற மாதிரி கையைப் பிடிச்சுக்கிட்டே நெஞ்சைப் பாத்து எண்ணுங்க. மஞ்சள்ல போட்டவரையும் அப்பப்போ திரும்பப் போய்ப் பாருங்க, கலர் மாறிட்டே இருக்கும்.

அடுத்தது கை. க்ளவுஸ் போட்டிருக்கோமேன்னு ஒரு தைரியம், அதே க்ளவுஸோட காயத்தைத் தொட்டு, மானிட்டர் பட்டனை அமுக்கி, கேஸ் ஷீட்டைப் புரட்டி, பக்கத்து பெட்டுக்கும் போயிடறாங்க, இதைப் பாத்தா எனக்கு நிஜமாவே பதறும். ஒவ்வொரு பேஷன்ட்டுக்கும் க்ளவுஸ் மாத்தணும், கழட்டினதும் கையும் சுத்தம் பண்ணணும். ஹேண்ட் ரப் (சானிடைசர்)னா 20–30 செகண்ட், கையில ரத்தம் பட்டாலோ பேதி கேஸ் பாத்தாலோ சோப்பும் தண்ணியும், 40–60 செகண்ட். ரெண்டு வாரமா இருமல்னு ஒருத்தர் சொன்னா டிபியா இருக்கலாம், ட்ரையாஜ் டேபிள்லயே அவருக்கு சர்ஜிகல் மாஸ்க் குடுத்து காத்தோட்டமா தனியா உக்கார வைங்க, உங்களுக்கு என்95.

ஹெபடைட்டிஸ் பி ஊசி மூணு டோஸும் முடிச்சுட்டுதான் போஸ்டிங்குக்கே வரணும். அப்படியும் பேஷன்ட்டுக்குப் போட்ட ஊசி உங்க கையில குத்திடுச்சா, குத்தின இடத்தைப் பிழியாதீங்க, சோப்பு போட்டு ஓடற தண்ணியில கழுவிட்டு உடனே டியூட்டி டாக்டர்கிட்ட சொல்லுங்க, சீனியர் திட்டுவாங்கன்னு மறைக்கவே மறைக்காதீங்க. எச்ஐவி தடுப்பு மாத்திரை தேவைப்பட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கறதுதான் நல்லது, 72 மணி நேரம் தாண்டக் கூடாது, ஆரம்பிச்சா 28 நாளும் விடாம போடணும்.