ஒன்றரை மணி நேரத்தில் சென்னை

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டிலிருந்து சென்னைக்கு எவ்வளவு நேரம் என்று இனி யாராவது கேட்டால் பெரியம்மாவிடம்தான் அனுப்பப் போகிறேன்.

டிக்கெட்டைப் பிரிண்ட் எடுத்து வந்த அன்றே கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கோலாலம்பூரில் காலை 9 மணிக்கு ஏறினால் சென்னையில் 10.30. திரும்பும்போது இரவு 11.30க்கு ஏறினால் மறுநாள் காலை 6 மணிக்கு இங்கே. "போறப்ப ஒன்றரை மணி நேரம், வர்றப்ப ஆறரையா? ஏன், வர்ற வழி மேடா?" என்றார். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரம்தான் போடுவார்கள், நாம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. பக்கத்து வீட்டுத் தாத்தா தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர், கணக்கு அவருக்குக் கை வந்த கலை. "ரெண்டையும் கூட்டு, எட்டு. அதுல பாதி நாலு. அதான் பறக்கிற நேரம்," என்று முடித்துவிட்டார். போகும்போது குறைகிற இரண்டரை வரும்போது கூடுகிறது, கூட்டினால் நேராகிவிடும், எனக்கு இது தோன்றவே இல்லை பாருங்கள். 1982 பிறக்கும்போது இங்கே கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி கிழக்கு மலேசியாவின் சபா, சரவாக்கோடு சேர்த்தார்களே, அதற்கு முன் வித்தியாசம் இரண்டு மணிதான் என்றும் சொன்னார்.

சரி, நாலு மணி நேரம். ஆனால் அது விமானத்துக்கு மட்டும். எங்கள் ஊரிலிருந்து ஈப்போ, கோலாலம்பூர் தாண்டி விமான நிலையம் போய்ச் சேர 290 கிலோமீட்டர் வரும், மூன்று மணி நேரம் முன்னதாகவே அங்கே இருக்க வேண்டும் என்பதால் இரவு இரண்டு மணிக்கே வேனில் ஏறினோம். விடியுமுன் தோட்டத்துப் பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பு) எழுந்து பழகிய பெரியம்மாவுக்கு அது ஒன்றுமில்லை, நான்தான் தூங்கி வழிந்தேன். தரையில் 290 கிலோமீட்டருக்கும் நாலு மணி நேரம், வானத்தில் சுமார் 2,600 கிலோமீட்டருக்கும் அதே நாலு. அதிலும் ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும் இறங்கிய பின் வாசலுக்கு ஊர்ந்து வருவதும் டிக்கெட் கணக்கில் சேர்த்தி.

சொன்னபடி 10.30க்கு இறங்கிவிட்டோம். குடிநுழைவு முடிந்து, மைலோவும் கோடாலித் தைலமும் அடைத்த பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளியே வர 11.30. மாமாவைக் காணோம். என் சிம்முக்கு ரோமிங் போடவில்லை (என் தப்புதான்), அப்புறம் பக்கத்தில் நின்ற ஒருவரிடம் போன் வாங்கி அடித்தேன். செங்கல்பட்டு வீட்டிலிருந்து நிதானமாகப் பேசுகிறார்: "நீதானேப்பா ஒன்பது மணிக்குக் கிளம்பி நாலு மணி நேரம்னு சொன்ன? ஒரு மணிக்குத்தானே வருவீங்க, இப்பத்தான் குளிச்சுட்டு வர்றேன்."

வெயிலில் பெட்டிமேல் உட்கார்ந்திருந்த பெரியம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் சொன்ன ஒன்றரை மணி நேரத்தையே அவன்கிட்ட சொல்லியிருந்தா வந்திருப்பான்ல?"