நாய் ரெடி, இடுப்புதான் ரெடி இல்ல

வேட்டை சீசன் ஓப்பன் ஆகி முதல் வாரம் கூட முடியல, இடுப்பு போயிடுச்சு. பெருசா ஒண்ணும் நடக்கல, எங்கயும் விழல, உருளல. விடிகாலைல எந்திரிச்சு ரொம்ப தூரம் வண்டி ஓட்டிட்டு போயி, இறங்குன கையோட பின்னாடி கூண்டுல இருந்து என் ரெண்டு நாய்ல பெரியவன தூக்கி கீழ விட குனிஞ்சேன், அவன் வழக்கம்போல அவசரத்துல ஒரு பக்கமா துள்ளினான், கூடவே நானும் திரும்பினேன், அவ்ளோதான், இடது இடுப்புல இருந்து குதிகால் வரைக்கும் கரண்ட் அடிச்ச மாதிரி ஒரு இழு இழுத்துச்சு. அவன் மூக்க தூக்கி காத்த மோந்துகிட்டு நிக்கிறான், நான் வண்டிய புடிச்சுகிட்டு நிக்கிறேன்.

எல்5-எஸ்1 டிஸ்க் (முதுகெலும்போட அடில ரெண்டு எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கறது) பிதுங்கி நரம்ப அழுத்துதுன்னு ஸ்கேன்ல வந்துச்சு. டாக்டர் மொதல்ல கேட்டது வலிய பத்தி இல்ல, தொடை இடுக்குல மரத்துப்போகுதா, யூரின் ஒழுங்கா போகுதான்னு. அதுல ஏதாவது இருந்தா ஒரு நாள் கூட தள்ளாம எமர்ஜென்சிக்கு ஓடணும்னாரு, எனக்கு நல்லவேளை அது இல்ல. அப்புறம் சொன்னது வேட்டைக்கு போற எல்லாரும் கேட்டுக்க வேண்டியது. ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க் தண்ணிய இழுத்து உப்பி இருக்குமாம், அதனால எந்திரிச்ச முதல் ஒரு மணி நேரம் குனிஞ்சா அதுமேல விழுற அழுத்தம் ரொம்ப அதிகம், அதோட நீளமா உக்காந்துட்டு வந்து உடனே வெயிட் தூக்குறது இன்னும் மோசம். இருட்டுல எந்திரி, வண்டில உக்காரு, இறங்கி 25 கிலோ நாய தூக்கு, நம்ம காலைப்பொழுதே இதுதானே?

பெரும்பாலானவங்களுக்கு ஆபரேஷன் இல்லாமலே 6லேர்ந்து 12 வாரத்துல சரியாயிடும்னாரு. நல்ல சேதிதான், ஆனா சீசன்ல பாதிக்கு மேல அந்த கணக்குலயே போயிடுமே. படுத்தே கிடக்கக்கூடாது, நடக்கணும்னு வேற சொல்றாங்க, நடக்குறதுல பிரச்சன இல்லங்க, சமதரைல நடக்கலாம். புதருக்குள்ள தெரியாத கட்டைல கால் வச்சு, காலடில கௌதாரி படபடன்னு கிளம்புறப்போ 3 கிலோ துப்பாக்கிய தோளுக்கு ஏத்தி இடுப்ப திருப்புறோமே, அதுதான் ஆகாது.

இதெல்லாம் நாய்ங்களுக்கு எப்படி புரிய வைக்கிறது? கோடை முழுக்க ஓட விட்டு, பாதம் நல்லா கெட்டியாகுற வரைக்கும் கரடு முரடான தரைல பழக்கி, இப்போ வந்து வீட்ல உக்காருன்னா? பெரியவன் பாயிண்டர் (பறவை இருக்குற இடத்த மோந்து அசையாம நின்னு காட்டுற ஜாதி, அப்படி நிக்கிறதுதான் பாயிண்ட்), ஒம்போது வயசு, இந்த வருஷம் விட்டா அடுத்த சீசன்ல பத்து. சின்னவ செட்டர், அதே வேலை செய்யுற இன்னொரு ஜாதி, இப்போதான் ரெண்டாவது சீசன், கத்துக்கற வயசு. நான் பூட்ஸ் பக்கம் போனாலே ரெண்டும் வாசல்ல நிக்கும். அதனால நண்பன் ஒருத்தன்கிட்ட ரெண்டையும் அனுப்பினேன், ஒரே ஒரு கண்டிஷனோட. சின்னவ பாயிண்ட் புடிச்சு நின்னு கிளம்புன பறவைய மட்டும் சுடணும், இவ நிக்காம பாஞ்சு எழுப்பிவிட்டத சுடவே கூடாது. அத சுட்டு விழ வச்சிட்டா தொரத்துனாலும் பறவை கிடைக்கும்னு மண்டைல ஏறிடும், ரெண்டு வருஷ பழக்கம் ஒரு காலைல காலி. “டேய், பறவை எந்திரிச்சா கை தானா போகும்டா”ன்னான். போனா நாய திருப்பி அனுப்பிடுன்னேன். பாவம், பெரும்பாலும் சொன்னபடிதான் நடந்துகிட்டான்.

சின்னவ அவன் வண்டில ஏறுனப்போ திரும்பிக்கூட பாக்கல. அன்னிக்கு முதுகு வலிய விட அதுதான் வலிச்சுது, அதுவும் அடிச்ச பறவைய நேரா கொண்டுபோயி அவன் கைல குடுத்தாள்னு கேட்டதும் எனக்கு சாப்பாடே இறங்கல. சாயங்காலம் ஜிபிஎஸ் காலர் ட்ராக்க (நாய் போன வழிய காட்டுற கோட்ட) போனுக்கு அனுப்புவான், நான் குப்புற படுத்துகிட்டு பெருசாக்கி பெருசாக்கி பாப்பேன். அவன் கோடு நடுவுல நேரா போகும், இவ கோடு காத்துக்கு குறுக்கால வலமும் இடமும் வெட்டி வெட்டி போகும், அத வச்சே காத்து எந்த பக்கம்னு சொல்லிடலாம். ஒரு இடத்துல கோடு சுருக்குன்னு வளைஞ்சு நின்னுடும், அங்கதான் பாயிண்ட். அவன் அவளுக்கு நேர் பின்னாடியே நடந்து போயிருக்கான், அப்படி போனா நாய் தன்ன தள்ளுறாங்கன்னு நெனச்சு முன்னாடி நகரும், பக்கவாட்டுல சுத்தி அவ கண்ணுல படுற மாதிரி போகணும்னு மெசேஜ் போட்டேன். “படுத்துகிட்டே வேட்டைக்கு வர ஒரே ஆளு நீதான்”னு பதில் வந்துச்சு.

பெரியவன் கதை வேற. கொஞ்ச தூரம் போயிட்டு திரும்பி வந்து வண்டிக்கு பக்கத்துல படுத்துட்டானாம். உடம்பு சரியில்லையோன்னு நண்பன் பயந்து போன் பண்ணான். உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு, அவனுக்கு வேற ஆளோட போகப் பிடிக்கல, அவ்ளோதான். இதுக்கு நான் சந்தோஷப்பட்டது நியாயம் இல்ல, பட்டேன்.

பிசியோ குடுத்த எக்சர்சைஸ் மூணும் கனடால வாட்டர்லூ பல்கலைக்கழகத்துல பேராசிரியரா இருந்த ஸ்டூவர்ட் மெக்கில் பிரபலப்படுத்துன செட்டு. அதுல ஒண்ணு மண்டி போட்டு ஒரு கையையும் எதிர் காலையும் நீட்டிகிட்டு அசையாம நிக்கிறது, நான் நிக்கிறதுக்குள்ள பெரியவன் வந்து மூஞ்சிய நக்கி கவுத்துட்டு போவான்.

கால் வலி கொறஞ்சு இடுப்பளவுக்கு ஏறுனதும் (அது நல்ல அறிகுறியாம்) பெரியவன மட்டும் கூட்டிட்டு போனேன், துப்பாக்கி இல்லாம, தட்டையான பாதையா பாத்து. ஈரக் காத்து, மோப்பத்துக்கு நல்ல நாள். கொஞ்ச நேரத்துலயே வால் வெறச்சு நின்னான். பக்கவாட்டுல போயி கை தட்டினேன், பறவை கிளம்பி போயிடுச்சு. சுடலையேன்னு என்ன திரும்பி பாத்தான் பாருங்க, லைசென்ஸ் எடுத்த நாளுலேர்ந்து என்ன அவ்ளோ கேவலமா யாரும் பாத்ததில்ல.

12 கேஜ் துப்பாக்கிய மாத்திட்டு கொஞ்சம் லேசா ஒரு 20 கேஜ் (குழல் இன்னும் சின்னது) வாங்கலாம்னு இப்போ யோசனை. வீட்ல மெதுவா பேச்ச எடுத்தேன், “மொதல்ல நாய் ஏறி இறங்க ஒரு சாய்வுப் பலகை வாங்குங்க, அப்புறம் துப்பாக்கி”ன்னு வந்துச்சு பதில். பலகை ஆர்டர் போட்டாச்சு, சின்னவ ஏறிடுவா, பெரியவன் அதுல கால் வைப்பானான்னு பாக்கணும்.