நிஸ்வா வகுப்பறைக் குறிப்புகள்

செப்டம்பர் 22, 2024, ஞாயிறு

இங்கே, ஓமானின் நிஸ்வா நகரில், வாரம் ஞாயிற்றுக்கிழமையே தொடங்கிவிடும். ஓமானுக்கு வந்து நாலு வருஷமாகியும் என் உடம்புக்கு இது பழகவில்லை. பொறியியலுக்கு முன் ஆங்கிலம் படிக்கும் அடித்தள ஆண்டுக்குப் புது பேட்ச், இருபத்தாறு பேர். 1998இல் வந்த பாடத்திட்ட மாற்றத்தால் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஆங்கிலம் படித்தவர்கள். ஆனாலும் பொறியியல் பாடம் ஆங்கிலத்தில் என்றதும் முகம் வெளிறிவிடுகிறது.

"உங்களைப் பற்றி ஒரு வரி சொல்லுங்கள்" என்றேன். "ஐ ஸ்டூடன்ட்." அடுத்தவனும் அதே. நடுவில் வரவேண்டிய 'ஆம்' (am) எங்கே? அரபியில் "அனா தாலிப்" என்று இரண்டே சொல்லில் வேலை முடிகிறது. நமக்கும் "நான் மாணவன்" போதுமே! என் ஆறாம் வகுப்பு நோட்டிலும் இதே இடத்தில்தான் சிவப்பு மை.

செப்டம்பர் 24, செவ்வாய்

இன்று 'பேப்பர்' என்று உச்சரிக்கப் பயிற்சி. அரபியில் உதடு வெடிக்கும் அந்த வல்லின ஒலி (p) கிடையாது. 'பஸ்'ஸில் வரும் மெல்லிய ஒலிதான் (b) உண்டு. ஆளுக்கொரு டிஷ்யூ தாளை வாய்க்கு முன்னால் பிடிக்கச் சொன்னேன். சரியாகச் சொன்னால் தாள் ஆடும். பத்து நிமிஷம் ஊதித் தள்ளினார்கள். இரண்டு பேருக்கு மட்டும் ஆடியது, அதில் ஒருத்தி தும்மினாள்.

இதைத் தமிழில் எழுதுவதே வேடிக்கை. நமக்கு இரண்டுக்கும் ஒரே 'ப'. 'பால்' என்று எழுதினால் மாட்டுப்பாலா, கிரிக்கெட் பந்தா? நான் யாரைத் திருத்த!

செப்டம்பர் 30, திங்கள்

டிக்டேஷன். முக்கால்வாசித் தாள்களில் மெய்யெழுத்து வரிசையாக நிற்கிறது, உயிரெழுத்து காணோம். 'ஃபார்ம்' (form) எழுதச் சொன்னால் 'ஃப்ரம்' (from). 'கிச்சன்', 'சிக்கன்' இரண்டும் ஒன்றுக்கொன்று இடம் மாறிவிட்டன.

இது சோம்பேறித்தனம் என்றுதான் முதல் வருஷம் நினைத்தேன். அரபி படிக்கத் தொடங்கிய பிறகு புரிந்தது. க-த-ப என்று மூன்று மெய். அதிலிருந்தே கிதாப் (புத்தகம்), குதுப் (புத்தகங்கள்), கதப (எழுதினான்). குறில்களைப் பெரும்பாலும் எழுதுவதே இல்லை. இடம் பார்த்து வாசிப்பவரே நிரப்பிக்கொள்வார். அந்தக் கண்ணுக்கு ஆங்கிலத்தின் உயிரெழுத்து வெறும் அலங்காரம்தான்.

அக்டோபர் 4, வெள்ளி

காலையில் கோட்டைப் பக்கம் ஆட்டுச் சந்தை. ஆடுகளைப் பிடித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றிவருவார்கள், வாங்குபவர்கள் சுற்றி நின்று விலை கேட்பார்கள். ஒரே கூச்சல். பார்த்தால், வகுப்பில் வாயே திறக்காத கடைசி வரிசைப் பையன், கையில் ஒரு கிடா! ஒரு வெள்ளைக்காரத் தம்பதிக்கு ஆங்கிலத்தில் விலை சொல்லிக்கொண்டிருந்தான். "திஸ் குட். திஸ் நோ குட், ஓல்ட்." கொஞ்சமும் தயக்கமில்லை. என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான். அது எனக்குச் சுருக்கென்றது.

அக்டோபர் 6, ஞாயிறு

அவனை எழுப்பி, ஆடு வாங்குவது எப்படி என்று கேட்டேன். தொடங்கினான். பின்னால் ஒருவன் சிரித்தான், இவன் உட்கார்ந்துவிட்டான். பெண்கள் பக்கமும் கேட்கிறதே, அந்தக் கூச்சம் வேறு. கொஞ்சம் பொறுத்து, "வயசு எப்படித் தெரியும்?" என்றேன். உட்கார்ந்தபடியே தன் உதட்டைத் தூக்கிக் காட்டினான். "டீத், உஸ்தாத் (ஆசிரியரே). டூ பிக் டீத், ஒன் இயர், மோர்." எங்கள் தாத்தாவும் பல்லைப் பார்த்துத்தான் வாங்குவார். நாலு பல்லுக்கு எத்தனை வயசு என்று அடுத்துக் கேட்டேன்.