கிராஸ் துணியும் செய்முறைத் தேர்வும்: குவில்ட் பிளாக் தைக்கப் போகிறவர்களுக்கு

தையல் டிப்ளமோ செய்முறைத் தேர்வில் எனக்கு வந்தது காற்றாடி பிளாக், அதாவது இரு நிற முக்கோணங்களைக் காற்றாடி இறகு போல இணைத்துத் தைக்கும் சதுரம். இப்படிப்பட்ட சதுரங்களைச் சேர்த்துத் தைப்பதுதான் குவில்ட் என்னும் ஒட்டுத்துணிப் போர்வை. மூன்று மணி நேரம். தைத்து முடித்ததும் நான்கு பக்கமும் சரியாக 12½ அங்குலம் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய மாதிரித் தேர்வில் என் பிளாக் ஒரு பக்கம் 12½, எதிர்ப்பக்கம் 12¾. நடுவில் அப்பளம் போல உப்பி நின்றது. தையல் நேராகத்தான் இருந்தது, துணிதான் இழுபட்டிருந்தது. அதன் பிறகு கற்றுக்கொண்டதை இங்கே சொல்கிறேன்.

ஒரு துண்டு பாப்ளினைக் கரையோரமாக நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள், அநேகமாக அசையாது. அகலவாக்கில் கொஞ்சம் கொடுக்கும். மூலைவாட்டத்தில், அதாவது கிராஸில், இழுத்தால் நன்றாக நீளும். நூல் நீள்வதில்லை. நீள நூலான பாவும் குறுக்கு நூலான ஊடையும் சேர்ந்த சின்னக் கட்டங்கள் சாய்ந்து கொடுக்கின்றன. காற்றாடி பிளாக்கில் ஒவ்வொரு முக்கோணத்தின் நீளப் பக்கமும் இந்தக் கிராஸில்தான் விழும்.

மாதிரித் தேர்வில் நான் எட்டு முக்கோணங்களையும் முதலிலேயே வெட்டி அடுக்கிவிட்டேன். எடுத்து, திருப்பி, பின் குத்துவதற்குள்ளேயே ஓரம் நீண்டுவிட்டது. அதனால் தைத்த பிறகே வெட்டுங்கள். இரண்டு நிறத்திலும் 7 அங்குலச் சதுரம் இரண்டிரண்டு போதும். நிறத்துக்கு ஒன்றாக எடுத்து, நல்ல பக்கங்களை உள்ளே வைத்து, மூலைக்கு மூலை கோடு போடுங்கள். கோட்டுக்கு இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, அப்புறம் கோட்டின் மேல் வெட்டுங்கள். ஒரு ஜோடிக்கு இரு நிறச் சதுரம் இரண்டு, ஆக நான்கு. கிராஸ் தையலுக்குள் அடங்கிவிடும், வெளி ஓரமெல்லாம் நேர் துணி, அதாவது நூல் போகும் திசையிலேயே இருக்கும். ஸ்கேலின் 45 டிகிரிக் கோட்டைத் தையல் மேல் வைத்து ஒவ்வொன்றையும் 6½ அங்குலத்துக்கு வெட்டிச் சரிசெய்யுங்கள். நான்கையும் கால் அங்குலம் விட்டு இணைத்தால் 12½ வரும். 7 அங்குலம் எடுப்பதே இந்தச் சரிசெய்தலுக்கு இடம் வேண்டும் என்பதால்தான்.

பிளாக்குகளை மூலை மேலே வரும்படி சாய்த்து அடுக்கும் கேள்வி வந்தால், ஓரத்து இடைவெளிகளை நிரப்பும் முக்கோணங்களுக்குப் பெரிய சதுரத்தை இரண்டாக வெட்டாதீர்கள். பெருக்கல் குறி போல நான்காக வெட்டினால் நீளப் பக்கம் நேர் துணியாக வரும்.

இஸ்திரியில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள், நானும் அப்படித்தான். சட்டைக்குத் தேய்ப்பது போல முன்னும் பின்னும் தள்ளினால் கிராஸ் ஓரம் பெட்டியோடு நீளும். பெட்டியை வையுங்கள், அழுத்துங்கள், தூக்குங்கள். முதலில் மடித்தபடியே தையல் மேல் அழுத்தி, பிறகு விரித்து அழுத்த வேண்டும். ஆவி வேண்டாம், ஈரத்தில் துணி இளகிக் கொடுக்கும்.

நம் வீட்டுக் கஞ்சி இதற்கு அருமையான மருந்து. வெட்டுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும், ஏனென்றால் நனைந்த காட்டன் சுருங்கும், வெட்டிய பிறகு போட்டால் அளவு மாறிவிடும். மெல்லிய கஞ்சியில் முக்கி, காயவைத்து, அழுத்தித் தேய்த்தால் துணி காகிதம் போல நிற்கும். தேர்வுக்குத் துணி நீங்களே கொண்டுபோவதாக இருந்தால் முதல் நாளே செய்துவிடுங்கள்.

மெஷினில் துணியைப் பின்னாலிருந்து இழுக்காதீர்கள். நேரம் போகிறதே என்ற பதற்றத்தில் கை தானாகப் போகும். ஊசிக்குக் கீழே இருக்கும் பல்லே துணியை நகர்த்திக்கொள்ளும், நம் கை திசை காட்டினால் போதும். இரண்டு ஓரங்களில் ஒன்று சற்று நீண்டிருந்தால் அதைக் கீழே வையுங்கள். பல் அந்த அதிகத் துணியைத் தளர்வாக உள்ளே வாங்கிவிடும். முதலில் இரண்டு முனையிலும், பிறகு நடுவிலும் பின் குத்துங்கள்.

தேர்வன்று எனக்கு இருபது நிமிடம் மிச்சம் இருந்தது, பிளாக் மேஜையில் தட்டையாகக் கிடந்தது. தேர்வு முடிந்து பிளாக் கையில் திரும்பி வந்தால் கஞ்சி போக அலசிக் காயவைத்த பிறகே எடுத்து வையுங்கள், கஞ்சித் துணியைப் பூச்சி அரிக்கும்.